மேய்ப்பர் கைக்கு வராத குத்தகைப் பணம்

ஐயா,

கென்யாவின் மாசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தை ஒட்டி 2006-இல் ஒலாரே ஓரோக் என்ற வனவிலங்குக் காப்புநிலம் உருவானது. மாசாய் மேய்ப்பர்கள் பட்டா நிலத்தைச் சுற்றுலா நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விட, பரப்பளவுக்கேற்ற மாதத்தொகை வங்கிக் கணக்கில் சேர்கிறது. வறட்சியில் மக்காச்சோள மாவு விலை ஏறும்போது, மாட்டை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடாமல் தாக்குப்பிடிக்க இது உதவுகிறது, உண்மைதான்.

ஆனால் பணம் பட்டாதாரருக்கு மட்டுமே. பட்டா பெரும்பாலும் ஆண்கள் பெயரில். குத்தகை நிலத்தில் மேய்ச்சலுக்குக் கட்டுப்பாடு உண்டு; அதனால் பெண்களும் நிலமற்ற குடும்பங்களும் மேய்ச்சலை இழக்கிறார்கள், பணமும் இல்லை. நிலையான தொகை வறட்சிக்காக உயராது. 2020-இல் சுற்றுலா நின்றபோது குறைந்தே போனது. புல் தேடி வெளியேறும் மந்தைகளால் அண்டை நிலங்களும் மொட்டையாகின்றன.

வறட்சிக்கால மேய்ச்சல் பகுதி, அங்கு விடக்கூடிய மாட்டு எண்ணிக்கை, நாள்கணக்கு, பட்டா இல்லாதோர் பங்கு ஆகியவற்றைக் குத்தகைப் பத்திரத்திலேயே எழுத வேண்டும்.