கான் (மலை வடிகால்) காட்டிய பெரியவருக்கும் கைகொடுத்த எல்லோருக்கும்

திங்கட்கிழமை காலை பள்ளிப் பிள்ளைகள் மறுபடியும் பீக்கோ நடைபாதையில் நாங்கள் திருத்திய அந்த வளைவு வழியாகவே நடந்து போனார்கள். அதைப் பார்த்த கையோடு எழுதும் மடல் இது. டித்வா புயல் மழை அந்தப் பாதையை என்ன செய்தது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

இலங்கைத் தேயிலை மலைகளில் பீக்கோ நடைபாதை கண்டியில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிறது, 300 கிலோமீட்டருக்கு மேல், 22 கட்டங்கள் என்று வெளியூர்க்காரர்கள் கணக்குச் சொல்வார்கள். தோட்டத்தில் இருப்பவர்களுக்கு அது லயம் என்கிற வரிசை வீடுகளிலிருந்து மலைக்கும் பள்ளிக்கும் கோயிலுக்கும் போகிற வழி. பழைய வண்டிப் பாதைகளையும் குறுக்குப் பாதைகளையும் கோத்துத்தான் அந்த நடைபாதையே உருவானது. அது அறுந்தால் முதலில் தவிப்பது முதுகுப்பையோடு வரும் பயணி இல்லை.

முதல் நன்றி மேட்டு லயத்துப் பெரியவருக்கு. மண்வெட்டியும் சவளுமாகப் பாதை மேல் கிடந்த சேற்றை அள்ளத் தொடங்கியபோது, இஸ்தோப்புத் திண்ணையிலிருந்து இறங்கி வந்து ஒரே வார்த்தைதான் சொன்னார்: "பாதையத் தொடாதீங்க தம்பி, மொதல்ல மேல கானப் பாருங்க." அவர் சொல்லாவிட்டால் அடுத்த மழைக்கே எல்லாம் திரும்ப இறங்கியிருக்கும். பாதையை அரிப்பது பாதையில் பெய்யும் மழை அல்ல. மேலே கான் அடைத்துக்கொண்டு, நிரம்பி, ஒரே இடத்தில் வழிந்து விழும் தண்ணீர்தான்.

கான் எங்கே இருக்கிறதென்றே தெரியாதபடி மண் மூடியிருந்தது. ஒரு அலவாங்கை (கடப்பாரை) எடுத்து, சரிவுக்கு நேராக ஒரு முழத்துக்கு ஒரு குத்து குத்திக்கொண்டே போனார். ‘ணங்’ என்று நின்றால் பழைய தரை. வழுக்கிக்கொண்டு உள்ளே போனால் அதுதான் கான். அப்படி வழுக்கிய இடத்திலெல்லாம் ஒரு குச்சி நட்டார். குச்சிகளைச் சேர்த்துப் பார்த்தால் கானின் கோடு அப்படியே தெரிந்தது.

வாட்டத்தையும் அவரே பார்த்தார். 120 அடிக்கு ஒரு அடி இறக்கம், அதுதான் தேயிலை மலைக் கானின் கணக்கு. 12 மீட்டர் ரப்பர் குழாயில் தண்ணீர் நிரப்பி மட்டம் பிடித்தால் இரு முனைக்கும் 10 சென்டிமீட்டர் வித்தியாசம் வர வேண்டும். அதற்கு மேல் இறக்கினால் தண்ணீர் கானின் அடியையே தின்னும். குறைந்தால் வண்டல் தங்கி நடுவழியில் நிரம்பி வழியும். அள்ளிய மண்ணைக் கீழ்க்கரையில் குவிக்கவும் அவர் விடவில்லை. நனைந்த சரிவின் ஓரத்தில் பாரம் ஏற்றினால் கரையோடு சேர்ந்து அதுவும் இறங்கும். கூடை கூடையாகத் திடலுக்குத்தான் போனது. முதுகு வலித்தவர்கள் முணுமுணுத்தார்கள், ஆனால் அவர் சொன்னதுதான் சரி.

பாதை வேலை அதற்குப் பிறகுதான். ஒரு மீட்டர் அகலத்துக்கு 4 சென்டிமீட்டர் வெளிப்பக்கம் சாய்த்து, தண்ணீர் பாதை நெடுக ஓடாமல் குறுக்கே வடியும்படி செய்தாயிற்று. உடைந்த ஓரத்துக்குக் கல் கட்டு: பெரிய கல் அடியில், ஒவ்வொரு வரிசையும் கொஞ்சம் மலைப்பக்கம் உள்வாங்கி, இணைப்புக்கு மேல் இணைப்பு வராமல். பின்பக்கம் மண் போடாமல் சல்லி நிரப்பியதால் தண்ணீர் தேங்கிக் கட்டைத் தள்ளாது. சிமெந்து பூசலாமே என்று கேட்டவர்களுக்கும் இதே பதில்தான்.

உரச்சாக்கு கொடுத்துத் தைத்தும் தந்த பணிய (கீழ்) லயத்து அக்காமாருக்கும், கல் சுமந்த இளைஞர்களுக்கும், வெட்டிவேர் நாற்று கொடுத்தவர்களுக்கும், தேநீர் ஊற்றியவர்களுக்கும், லொறிக்கு டீசல் போட்ட கடைக்கார அண்ணனுக்கும் நன்றி. சாக்கில் முக்கால் பங்கு மட்டும் மண் நிரப்பி, வாயை மடித்து, செங்கல் போல மாற்றி அடுக்கியிருக்கிறது. வெயிலில் சில மாதங்களில் சாக்கு இற்றுவிடும். அதற்குள், ஒரு சாண் இடைவெளியில் நட்ட வெட்டிவேர் மண்ணைப் பிடித்தாக வேண்டும்.

இனி மே மாத மழைக்கு முன் ஒரு தடவை, அக்டோபருக்கு முன் ஒரு தடவை, கான் வண்டல் கட்டாயம் எடுப்போம். பாதைக்கு மேலே சரிவில் தெரிகிற வெடிப்பின் இரு பக்கமும் முளை அடித்திருக்கிறோம். இரண்டுக்கும் நடுவே இப்போது 62 சென்டிமீட்டர். அது கூடினாலும், புதிதாக ஊற்று கிளம்பினாலும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விட்டாலும் பாதை மூடப்படும். அப்போது கயிற்றைத் தாண்டிப் போகாதீர்கள்.

பயணிகளிடம் ஒரு வேண்டுகோள். சேறு இருந்தால் நடுவிலேயே மிதித்துப் போங்கள். சப்பாத்துக்குப் பயந்து வெளி ஓரத்தில் ஒதுங்கினால், புதிதாகக் கட்டிய விளிம்புதான் முதலில் உடையும்.

இப்படிக்கு,
பாதை பராமரிப்புக் குழுவினர்