நம்ம செஸ்னா குட்டி விமானத்த ஓட்டற க்ளப் மக்களுக்கு ஒரு திறந்த மடல்

எல்லாருக்கும் வணக்கம். போன சனிக்கிழமை காலைல நான் ஃப்ளைட்ட கேன்சல் பண்ணதுக்கு வாட்ஸ்அப்ல ஆளாளுக்கு கலாய்ச்சீங்க, பரவால்ல. ஆனா "டே விஎஃப்ஆர் (பகல்ல வெளிய கண்ணால பாத்து ஓட்டறது) தானே, டிப்ஸ்டிக் (டேங்க்ல விட்டு ஃப்யூல் அளக்கற குச்சி) போட்டு பாத்துட்டு கிளம்ப வேண்டியது தானே"ன்னு ரெண்டு மூணு பேர் சீரியஸாவே கேட்டதால தான் இத எழுதறேன்.

அன்னைக்கு என்னாச்சுன்னா, மாஸ்டர் சுவிட்ச் போட்டதும் வலது டேங்க் ஃப்யூல் கேஜ் முள்ளு எந்திரிச்சுது, இடது டேங்க் முள்ளு சீரோவ விட்டு அசையல. பக்கத்துல மஞ்சள் போஸ்ட்-இட்ல யாரோ "கேஜ் அவுட், டிப்ஸ்டிக் ஓகே"ன்னு எழுதி ஒட்டியிருக்கீங்க, ஓரமெல்லாம் சுருண்டு போச்சு, எத்தன நாளா இருக்கோ தெரியல.

நம்ம வண்டிக்கு எம்இஎல் (எதெது பழுதானாலும் பறக்கலாம்னு ஒத்துக்கிட்ட லிஸ்ட்) கிடையாது, அதனால அமெரிக்க விமானத் துறை எஃப்.ஏ.ஏ.வோட 91.213 ரூல்ல (டி) பிரிவு தான் நமக்கு. அது கேக்கறது இவ்ளோ தான்: வேல செய்யாத பொருள் டே விஎஃப்ஆர் டைப் சர்ட்டிஃபிகேஷனுக்கு (அந்த மாடலுக்கு குடுத்த அங்கீகாரத்துக்கு) தேவையா, வண்டியோட எக்விப்மென்ட் லிஸ்ட்ல கட்டாயம்னு இருக்கா, 91.205-ஓ (கட்டாயக் கருவிங்க பத்தின ரூல்) வேற ரூலோ கேக்குதா, ஏதாவது ஏர்வொர்த்தினஸ் டைரக்டிவ் (கட்டாய பாதுகாப்பு உத்தரவு) கேக்குதா. ஒண்ணுக்கு ஆமான்னு வந்தாலும் வண்டி தரைல தான். 91.205 ஒவ்வொரு டேங்குக்கும் ஃப்யூல் கேஜ் வேணும்னு பகல் லிஸ்ட்லயே சொல்லுது. டேங்க் நெறஞ்சு வழிஞ்சாலும் டிப்ஸ்டிக் கேஜ் ஆகாது. ரிப்பேருக்கு வேற ஏர்போர்ட் கொண்டு போகணும்னா எஃப்.ஏ.ஏ. கிட்ட ஃபெர்ரி பெர்மிட் (அந்த ஒரு பயணத்துக்கு ஸ்பெஷல் அனுமதி) வாங்கணும்.

இதுல வேடிக்கை என்னன்னா லேண்டிங் லைட் போச்சுன்னு போன மாசம் பட்டப்பகல்ல வண்டிய நிறுத்தி வச்சீங்க. காசு வாங்கி ஆள் ஏத்தாத வரைக்கும் 91.205 ராத்திரிக்கு கூட லேண்டிங் லைட் கேக்கல (அதுக்காக நான் இருட்டுல இறங்குவேன்னு நினைக்காதீங்க). ஆன்ட்டி-கொலிஷன் லைட்ட (மத்த விமானத்துக்கு நம்மள காட்டற மின்னற லைட்டு) எடுத்துகிட்டா, பகலுக்கு அது கட்டாயம்னு 91.205 சொல்றது 1996 மார்ச் 11-க்கு அப்புறம் சர்ட்டிஃபை ஆன வண்டிங்களுக்கு, நம்மது 1978 மாடல். ஆனா அங்கயே நிறுத்திடாதீங்க, எக்விப்மென்ட் லிஸ்ட்டயும் தொறந்து பாக்கணும், ஐட்டம் நம்பருக்கு பக்கத்துல ஆர்னு போட்டிருந்தா அது கட்டாயம், எஸ்-ஓ ஏ-வோ இருந்தா மத்த கேள்விக்கு போகலாம். செஸ்னாவோட புது மாடல் 172எஸ் ஓட்டினவங்க அதோட மேனுவல்ல இருக்கற கட்டாயக் கருவி டேபிள மனசுல வச்சுகிட்டு இதுக்கும் அதே பதில் சொல்றீங்க, அது வேற இது வேற.

எல்லாத்துக்கும் இல்லன்னு வந்தாலும் உடனே கிளம்பிட முடியாது. அந்த பொருள கழட்டணும், இல்லன்னா டீஆக்டிவேட் பண்ணி "இன்ஆபரேட்டிவ்"னு லேபிள் ஒட்டணும், மெக்கானிக் வேலை இருந்தா லாக்புக்ல ஏறணும். அதுக்கப்புறமும் இதால ஆபத்து இல்லன்னு பைலட்டோ மெக்கானிக்கோ முடிவு பண்ணணும். அடுத்த இன்ஸ்பெக்ஷன்ல அத கண்டுக்காம விடவும் கூடாது.

ஆல்டர்னேட்டர் (இஞ்சின் ஓடறப்ப கரண்ட் தர்றது) போன விஷயத்துல தான் நம்மாளுங்க அதிகமா ஏமாறுறாங்க. மேக்னீட்டோ (பேட்டரி இல்லாமலே ஸ்பார்க் தர்றது) இருக்கு, இஞ்சின் பாட்டுக்கு ஓடும், பகல் லிஸ்ட்லயும் ஆல்டர்னேட்டர்னு பேர் இல்ல, சரி போலாம்னு தோணும். லிஸ்ட்ல ஆர் இருந்தா பேச்சு அங்கயே முடிஞ்சுது. அப்படி இல்லன்னாலும் பேட்டரி தீர்ந்தா ரேடியோ போகும், டிரான்ஸ்பாண்டர் (ரேடாருக்கு நம்மள காட்டற கருவி) போகும், ஃப்ளாப்பும் (இறங்கறப்ப றெக்கைல இறக்கற தகடு) கரண்ட்ல தான் இறங்குது, பெரிய ஏர்போர்ட்ட சுத்தி டிரான்ஸ்பாண்டர் கட்டாயமான மோட் சி வட்டம் 30 நாட்டிக்கல் மைலுக்குள்ள அப்படி மாட்டினா என்ன பண்ணுவீங்க?

சர்க்யூட் பிரேக்கர் ட்ரிப் ஆனா திரும்பத் திரும்ப அமுக்கற பழக்கத்தையும் விட்டுடுங்க ப்ளீஸ், உள்ள ஏதோ சூடாகுதுன்னு தான அது வெளிய வருது.

எக்விப்மென்ட் லிஸ்ட்ட காப்பி எடுத்து ஸ்க்வாக் ஷீட்டோட (பழுத எழுதி வைக்கற தாள்) சேத்து கிளிப் பண்ணிட்டேன். சாவி என்கிட்ட தான் இருக்கு, மெக்கானிக் வந்து அந்த கேஜ சரி பண்ற வரைக்கும் யார் கேட்டாலும் தர்றதா இல்ல.