ஆட்டிசத்துக்கு மாத்திரை டப்பாவா?

ஆசிரியருக்கு,

ஆட்டிசத்துக்கு மாத்திரை விற்பவர்கள் ஒரு விஞ்ஞானியின் கட்டுரையைக் காட்டுகிறார்கள்; அவரைப் பற்றிச் சில வரிகள். புற்றுநோய் ஆராய்ச்சி என்றாலே கோடிகளில் செலவு என்று நினைக்கிறோம். அமெரிக்காவின் பெர்க்லியில் உயிர்வேதியியல் விஞ்ஞானி புரூஸ் ஏம்ஸ் 1970களில் செய்து காட்டியது வேறு. ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் இல்லாமல் வளர முடியாதபடி மரபணு பழுதான சால்மொனெல்லா பாக்டீரியாவை, அது கிட்டத்தட்ட இல்லாத தட்டில் பரப்பி, சந்தேகத்துக்குரிய ரசாயனத்தைச் சேர்த்தார். இரண்டே நாளில் பாக்டீரியா புள்ளி புள்ளியாக ஏராளமாய் முளைத்தால், அந்த ரசாயனம் மரபணுவை மாற்றுகிறது, அதனால் புற்றுநோயையும் உண்டாக்கக்கூடும் என்று பொருள். குழந்தைகளின் இரவு உடையில் எளிதில் தீப்பிடிக்காமலிருக்கச் சேர்த்த டிரிஸ் என்ற ரசாயனம் இப்படித்தான் மாட்டியது. 1977இல் அமெரிக்கா அதைத் தடை செய்தது.

பின்னாளில் ஏம்ஸ், வைட்டமின், தாது போன்ற நுண்சத்துகள் பக்கம் திரும்பினார். வைட்டமின் டி, மூளையில் செய்தி கடத்தும் செரடோனின், ஆட்டிசம் மூன்றையும் இணைத்து 2014இல் ரோண்டா பேட்ரிக் என்ற ஆய்வாளருடன் அவர் எழுதியது கருதுகோள்தான், சிகிச்சை அல்ல. அதைக் காட்டிப் பெற்றோரிடம் மாத்திரை டப்பா விற்பவர்களுக்கு உங்கள் விளம்பரப் பக்கத்தில் இடம் தராதீர்கள்.

– வாசகர், திருச்சி