பாப்பாவுக்கு, பத்தொன்பதாவது மூவ் பற்றி

திருச்சி
26.11.2024

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ இருக்கிற சிங்கப்பூரில், செந்தோசாவில்தான் நேற்று உலக செஸ் சாம்பியன்ஷிப்பின் முதல் ஆட்டத்தில் குகேஷ் தோற்றான். உனக்கும் தெரிந்திருக்கும். இங்கே மதியம் இரண்டரைக்கே யூடியூபைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அம்மா சுண்டல் வேறு செய்திருந்தாள்.

நம்ம பையனுக்கு வெள்ளை. ரேட்டிங் 2783, உலகத்தில் ஐந்தாவது. எதிரே ஆடும் சீனாக்காரர் டிங் லிரனுக்கு 2728, இருபத்து மூன்றாவது. சாம்பியன் என்று பேர்தான், ஜனவரிக்குப் பிறகு ஒரு கிளாசிக்கல் ஆட்டம், அதாவது நீண்ட நேர ஆட்டம்கூட ஜெயிக்காத மனுஷன். பிரெஞ்சு டிஃபென்ஸ் என்கிற தொடக்கத்தை ஆடினார். ஏழாவது மூவுக்கே அரை மணி நேரத்துக்குப் பக்கமாக யோசித்தார். "இவர் கதை முடிஞ்சுது" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். அங்கே பக்கத்து வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார், தண்ணீர் மோட்டார் கதை. இறங்கி வந்து பார்த்தால் நேரமில்லாமல் தவிப்பது குகேஷ்! 42 மூவில் டிங் ஜெயித்துவிட்டார், அதுவும் கருப்பில்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. குகேஷுக்காக இல்லை, அவனுக்கு இன்னும் பதின்மூன்று ஆட்டம் இருக்கிறது.

நீ ஏழாவது படிக்கும்போது அந்த மாவட்டப் போட்டி, கடைசி ரவுண்டு. யாரோடு யார் ஆட்டம் என்று சுவரில் ஒட்டியிருந்த பேரிங்கைப் பார்த்தேன். உன்னோடு ஆடும் பையனுக்கு ரேட்டிங் 1700க்கு மேல், உனக்கு 1200 சொச்சம், கருப்பு வேறு. "டிரா வந்தாலே போதும்மா" என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டேன். நீ ஓடி வந்தபோது இரண்டாவது டீ கையில். "ஜெயிச்சிட்டேன்பா!" நான் என்ன கேட்டேன் தெரியுமா? "அவனுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" நீ குதிரையைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தாய். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றேன். அதற்கப்புறம் எந்த ஆட்டத்தையும் நீ எனக்குச் சொல்லிக் காட்டியதில்லை. எனக்கு அது நேற்று ராத்திரிதான் உறைத்தது.

காலையில் பரணில் உன் பச்சை ஃபைலைத் தேடி எடுத்தேன். அந்த ஆட்டத்தின் மூவ்களை நீ எழுதிய ஸ்கோர் ஷீட் பத்திரமாக இருக்கிறது. போர்டில் ஒவ்வொரு மூவாக வைத்துக்கொண்டே வந்தேன். பத்தொன்பதில் உன் கையெழுத்து புரியவில்லை. ஜி6 கட்டத்துக் குதிரை எஃப்4-க்குப் போனதா, எச்4-க்கா? இரண்டையும் வைத்துப் பார்த்தேன், எனக்குப் பிடிபடவில்லை.

எது என்று சொல். போர்டைக் கலைக்காமல் வைத்திருக்கிறேன்.

அப்பா