ஆடி முதல் வெள்ளி இரவு 10.15க்கு எங்கள் திரை நீலமானது பற்றி

பொகவந்தலாவை
2025 ஆகஸ்ட் 5

வாடிக்கையாளர் சேவை முகாமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் டிஷ்ஷை நாங்கள் ஆறு வருசமாகப் பாவிக்கிறோம். ஒரு மாதம்கூட ரீலோட் போடாமல் இருந்ததில்லை. இந்தக் கடிதத்தை எழுதக்கூடாது என்றுதான் இரண்டு கிழமையாகப் பொறுத்திருந்தேன். ஹட்டன் கிளைக்கு மூன்று முறை நடந்தாயிற்று, போனில் எத்தனை முறை பேசினேன் என்று எனக்கே கணக்கில்லை. இதற்கு மேல் பொறுக்க முடியாது என்பதால் எழுதுகிறேன். தயவு செய்து கடைசி வரை வாசியுங்கள்.

அந்த ஒன்பதரை மணித் தொடரைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உங்கள் விளம்பரத்திலேயே அதில் இளைய மருமகளாக வருகிற பிள்ளையின் முகத்தைத்தான் போட்டிருந்தீர்கள். கிணற்றில் செத்துப்போன மூத்த மருமகள் இளைய மருமகள் மேல் இறங்கி வந்ததிலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வரிசையில் ஒரு வீடு பாக்கியில்லாமல் பார்த்தோம். ஜூலை 18, ஆடி முதல் வெள்ளி, கடைசிப் பகுதி ஒரு மணித்தியாலம் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு எங்கள் காம்பராவில் பதினான்கு பேர். வாசல் பக்கத்து இஸ்தோப்பில் பாய் போட்டுப் பிள்ளைகள். கோயிலில் கூழ் ஊற்றிவிட்டு எல்லாரும் நேரத்தோடு வந்துவிட்டார்கள். எழுபத்து நான்கு வயதான என் மாமி தலைக்குக் குளித்து, விளக்கு வைத்துவிட்டு டீவிக்கு முன்னால் உட்கார்ந்தார்.

பத்தே காலுக்கு அந்தப் பிள்ளை வீட்டாரை எல்லாம் கிணற்றடிக்கு இழுத்து வந்து நிறுத்துகிறாள். "என்னைத் தள்ளினது யார் தெரியுமா" என்று கையை நீட்டுகிறாள். நீட்டிய கை யார் பக்கம் போகிறது என்று காட்டுவதற்குள் திரை நீலமாகிவிட்டது. நடுவில் உங்கள் பிழை எண், கீழே இங்கிலிஷில் இரண்டு வரி. அந்த எண் என்ன என்று உங்களுக்குத் தெரியும், நான் எழுத வேண்டியதில்லை. எங்கள் பெட்டியும் உங்களுடைய பழைய கறுப்புப் பெட்டிதான்.

முதலில் போன் எடுத்தவர் மழை என்றார். ஐயா, அன்றைக்கு மழை இல்லை. ஜூலை மாதத்தில் எங்கள் பக்கம் மழை விடுவதே அபூர்வம், அதனால்தான் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. என் மகன் ஏ.எல். விஞ்ஞானம் படிக்கிறான். கன மழை பெய்தால் துளிகள் டிஷ்ஷுக்கு வருகிற அலையை உறிஞ்சும், அப்போது படம் முதலில் கட்டம் கட்டமாக உடையும், அப்புறம்தான் போகும் என்று அவன் சொன்னான். எங்களுக்கு ஒரு கட்டம்கூட உடையவில்லை. அதோடு மேல் லயத்தில் இருக்கிற அக்கா வீட்டிலும் உங்கள் டிஷ்தான், அங்கே கடைசி வரை ஓடியது. மழை என்ன, எங்கள் கூரையில் மட்டுமா பெய்தது?

இரண்டாவது ஆள் கேபிளைக் கழற்றி மாட்டச் சொன்னார். மாட்டினோம். மூன்றாவது ஆள், பெட்டியை ஹட்டனுக்குக் கொண்டுவரச் சொன்னார்.

அந்த ஹட்டன் பயணத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. 21ஆம் திகதி ஒரு முறை பெட்டி இல்லாமல் போய் வந்தாயிற்று, அதற்கு அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம் போனது. 23ஆம் திகதி, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பிரட்டுக்கே போகவில்லை. நல்ல மழை. பெட்டி நனையக்கூடாது என்று மலையில் கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற என் படங்கில் சுற்றி, குழந்தையைத் தூக்குகிற மாதிரி மடியில் வைத்துக்கொண்டு, நோர்வூட், டிக்கோயா வழியாக நின்று நின்று போகிற பஸ்ஸில் போனேன். இரண்டு மணித்தியாலம் வரிசை. கவுண்டரில் இருந்த தம்பி பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. யார் பேரில் இருக்கிறது என்று கேட்டார். என் வீட்டுக்காரர் பேரில். அவர் கொழும்பில் கடையில் வேலை செய்கிறார். அடையாள அட்டையின் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிக் காட்டினேன். முடியாது, ஆளே வரவேண்டும் என்று பெட்டியைத் தள்ளிவிட்டார். இதை 21ஆம் திகதியே சொல்லியிருக்கலாம்தானே? போனில் சொல்லியிருக்கலாம்தானே?

சரி, அவரும் லீவு போட்டு, வெள்ளிக்கிழமை இரவு பஸ் ஏறி வந்தார். 26ஆம் திகதி சனிக்கிழமை, பகல் 12.40க்கு உங்கள் வாசலில் நிற்கிறோம். சிஸ்டம் வேலை செய்யவில்லை, திங்கட்கிழமை வாருங்கள் என்றார்கள். திங்கட்கிழமை அவர் கொழும்பில் நிற்க வேண்டும். யாராவது ஒரு ஆள் மனது வைத்து அவருடைய அடையாள அட்டை இலக்கத்தை ஒரு துண்டில் எழுதி வைத்திருந்தால் போதும். அதையும் செய்யவில்லை.

மேல் லயத்து அக்கா வீட்டில் முழுதும் ஓடியது என்று எழுதினேன் அல்லவா, அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடுத்த நாள் மலையில் ஒரே சண்டை. மாமியார்தான் தள்ளினாள் என்று அந்தப் பிள்ளை சொன்னதாகவும், அவளைக் கொல்லாமல் அம்மன் காலடியில் விட்டுவிட்டுப் போனதாகவும் அக்கா சொல்கிறார். கீழ் லயத்துத் தம்பி போனில் ஒரு துண்டு பார்த்தானாம், அதில் புருசன்தான் கிணற்றில் கிடக்கிறான் என்கிறான். தொடரில் வருகிற கணக்குப்பிள்ளைதான் குற்றவாளி என்று ஆரம்பத்திலிருந்தே சொன்ன சின்னம்மா இரண்டு பேர் பேச்சையும் நம்பவில்லை. பத்து மணித் தேத்தண்ணி குடிக்கும்போதும் இதே பேச்சு, கொழுந்து நிறுக்கிற இடத்திலும் இதே பேச்சு. எல்லாரும் ஒரே பகுதியைப் பார்த்திருந்தால் அது நல்ல பேச்சு. யார் நடிப்பு நன்றாக இருந்தது, பேய் பழி வாங்கியது நியாயமா, இளைய மருமகள் என்ன பாவம் செய்தாள் என்று பேசியிருப்போம். எங்களுக்கோ முடிவே தெரியாமல் ஆளுக்கு ஆள் கோபித்துக்கொண்டதுதான் மிச்சம்.

நாங்கள் பார்த்த மட்டில் என் கருத்தையும் சொல்கிறேன், இது சேனல்காரர்களுக்கும் போய்ச் சேரட்டும். அந்த மந்திரவாதி வேப்பிலையால் அந்தப் பிள்ளையை அடி அடியென்று அடிக்கிற இடம் எங்கள் யாருக்கும் பிடிக்கவில்லை. எங்கள் பக்கம் கோடாங்கி வந்தால் உடுக்கை அடித்து முதலில் கேட்பார், நீ யார், எங்கிருந்து வந்தாய், உனக்கு என்ன வேணும் என்று. சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தால்தான் அது போகும். அதனால்தான் அந்தக் கிணற்றடிக் காட்சிக்கு மாமி அப்படிக் காத்திருந்தார். ஒரு வருசமாக வாயைத் திறக்க விடாமல் வைத்திருந்த பிள்ளை வாயைத் திறக்கிற நேரம் அது. தோட்டத்தில் காமன் கூத்து ஆடினால் மழையோ பனியோ விடிய விடிய ஆடுவார்கள், காமனை எரித்ததோடு விடமாட்டார்கள், உயிர் எழுப்பித்தான் முடிப்பார்கள் என்று மாமி சொல்லிச் சொல்லி அழுதார். அன்றைக்கு இரவு அவருக்கு பிரஷர் ஏறி, விடியும் வரை நானும் மகனும் தூங்கவில்லை. இன்றைக்கு வரை அவர் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. இதற்கும் நீங்கள்தான் பொறுப்பு.

இப்போது 28ஆம் திகதி உங்கள் ஆட்களோடு போனில் நடந்த பேச்சுக்கு வருகிறேன். தமிழுக்கு உரிய இலக்கத்தை அழுத்தி, இருபத்தைந்து நிமிடம் பாட்டுக் கேட்டு, கடைசியில் ஒரு பெண்பிள்ளை எடுத்தார். நடந்ததைச் சொல்லத் தொடங்கினேன். பாதியில் நிறுத்தி, "பேய் நாடகத்துக்கா இவ்வளவு சத்தம் போடுறீங்க, யூடியூப்ல பாருங்க" என்றார். எங்கள் லயத்தில் போனுக்கு ஒரு கோடு சிக்னல்தான், தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரைக்கு மேலே ஏறினால்தான் பேசவே முடியும் என்று சொன்னேன். அதற்கு அவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்கிறார், எனக்கு நன்றாகக் கேட்டது: "தோட்டத்து ஆளுங்களுக்கு எத்தனை தடவை சொன்னாலும் விளங்காது."

எனக்கு என்ன விளங்கவில்லை? மூன்று பேர் மூன்று காரணம் சொன்னீர்கள், மூன்றும் பொய் என்று விளங்கியது. மாதம் தவறாமல் 1,500 ரூபாய் வாங்கும்போது தோட்டத்து ஆள் என்று பார்த்தீர்களா? போனில் பேசிய அந்தப் பெண்பிள்ளை என் பேரைக்கூடக் கேட்கவில்லை. கோடாங்கி பேயிடமே பேர் கேட்பார். அந்தப் பேச்சு உங்கள் பதிவில் இருக்கும், பயிற்சிக்காகப் பதிவு செய்கிறோம் என்று நீங்களே சொல்கிறீர்கள். எடுத்துக் கேளுங்கள். 28ஆம் திகதி, பின்னேரம் ஐந்தரைக்குக் கிட்ட.

மன்னிக்க வேண்டும், கோபத்தில் எழுதிவிட்டேன். உங்கள் ஆட்கள் எல்லாரும் அப்படி இல்லை. ஆகஸ்ட் 1ஆம் திகதி பேசிய ஒரு தம்பி மரியாதையாக, அக்கா என்று கூப்பிட்டு உண்மையைச் சொன்னார். மழையும் இல்லை, கேபிளும் இல்லை, பெட்டியும் பழுதில்லை. ஜூலை 18இலிருந்து அந்தச் சேனலை எங்கள் பெக்கேஜிலிருந்து தூக்கி, 450 ரூபாய் கூடின பெக்கேஜில் போட்டுவிட்டீர்கள். அக்கா வீட்டில் அந்தக் கூடின பெக்கேஜ் என்பதால்தான் அங்கே ஓடியது. எங்களுக்கு மெசேஜ் அனுப்பினீர்களாம். அது கொழும்பில் இருக்கிற என் வீட்டுக்காரர் போனுக்கு, இங்கிலிஷில், 16ஆம் திகதி வந்திருக்கிறது. நான் ரீலோட் போட்டது 15ஆம் திகதி. காசை வாங்கி மறுநாள் சேனலைத் தூக்கப்போகிறோம் என்று சொல்வது எந்த ஊர் நியாயம்? தூக்குவதென்றால் நள்ளிரவு பன்னிரண்டுக்குத் தூக்கியிருக்கலாம். இரவு பத்தே காலுக்கு, கடைசிக் காட்சியில் தூக்கினால் 450 ரூபாய் தானாக வரும் என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். நான் அப்படித்தான் நம்புகிறேன்.

தமிழும் ஆட்சிமொழி என்று 1987இல் அரசியலமைப்பிலேயே எழுதியாயிற்று. தமிழ் சேனல் விற்கிற உங்களுக்குத் தமிழில் இரண்டு வரி மெசேஜ் அனுப்ப முடியாதா?

நட்டத்தைச் சொல்கிறேன். எங்கள் ஒரு நாள் பேருக்கு 1350 ரூபாய். எனக்கு 23ஆம் திகதியும் 26ஆம் திகதியும் முழுப்பேர், 21ஆம் திகதி அரைப்பேர், ஆக 3375 ரூபாய். வீட்டுக்காரருக்கு இரண்டு நாள் சம்பளம், கொழும்பு பஸ் காசு, பெட்டியோடு போன நாள் திரும்பி வர பஸ் இல்லாமல் நோர்வூட்டிலிருந்து பிடித்த ஆட்டோ, மாமியின் மருந்து, மகன் படிப்பு கெட்டது. எல்லாம் பார்த்தால் 50,000 ரூபாய்க்குக் குறையாது. பதினான்கு பேரின் அந்த ஆடி வெள்ளி இரவுக்கு நான் விலை போடவில்லை, போட்டால் லட்சத்துக்கும் அடங்காது.

நான் கேட்பது இவைதான். அந்த மாதத்து ரீலோட் காசைத் திருப்பித் தாருங்கள். கடைசிப் பகுதியை எங்கள் பெக்கேஜில் ஒரு முறை முழுதாகப் போடுங்கள், எப்போது என்று தமிழில் முன்கூட்டியே சொல்லுங்கள். 28ஆம் திகதி பேசியவர் என் மாமியிடமும் என்னிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும். பிறகு பயண நட்டத்தைப் பற்றிப் பேசலாம், நான் நியாயமாகத்தான் பேசுவேன்.

பதினான்கு நாளில் பதில் வராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்குப் போவேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் எங்களைப் போன்றவர்களுக்காகத்தான் இருக்கிறது. 1977க்கு எடுத்தால் முறைப்பாட்டைப் பதிவார்கள் என்றும் தெரியும். பற்றுச்சீட்டுகள், பஸ் டிக்கெட்டுகள், அந்த இங்கிலிஷ் மெசேஜ் எல்லாம் மகன் பைலில் போட்டு வைத்திருக்கிறான். எங்கள் லயத்தில் மட்டும் உங்கள் டிஷ் பதினொன்று இருக்கிறது. அத்தனை பேரும் கையெழுத்துப் போடத் தயார். அந்த நிலைக்கு விடமாட்டீர்கள் என்று இன்னும் நம்புகிறேன்.

எனக்குப் போன் எடுப்பதென்றால் பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு எடுங்கள். அதுவரை மலையில் நிற்பேன், அங்கே சிக்னல் இல்லை. இலக்கம் உங்கள் பதிவில் இரண்டாவதாக இருக்கிறது. முதலாவது வீட்டுக்காரருடையது, இனி அதற்கு மெசேஜ் அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
ஆறு வருச வாடிக்கையாளர்
பொகவந்தலாவை