அறுப்பின் பண்டிகைக்கு முன்பாக நீலகிரிச் சேகரக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

நீலகிரி மலைச் சேகரங்களின், அதாவது சபை வட்டாரங்களின், ஆயர்களுக்கும் சேகரக் குழு உறுப்பினர்களுக்கும்,

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களே, ஸ்தோத்திரம்.

விளைபொருளைப் படைத்து நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக்கான ஏற்பாடுகளை நீங்கள் தொடங்குவதற்கு முன்பாக, விக்கிரகாராதனையைக் குறித்து உங்களோடு வெளிப்படையாகப் பேச விரும்புகிறேன். நம் பிரசங்கபீடங்களில் இந்தப் பாவத்தைப் பற்றிப் பேசும்போது, பக்கத்துத் தெருக் கோயிலையோ படுகர் ஊர்களின் ஹெத்தையம்மன் பண்டிகையையோ மனதில் வைத்தே பேசுகிறோம். கேட்கிறவர்களும் தங்களுக்கு இதில் சம்பந்தமில்லை என்ற நிம்மதியோடு வீடு திரும்புகிறார்கள். ஆனால், "பிள்ளைகளே, நீங்கள் விக்கிரகங்களுக்கு விலகி, உங்களைக் காத்துக்கொள்ளுங்கள்" என்று யோவான் எழுதியது சபையாருக்குத்தான். பொருளாசையை விக்கிரகாராதனை என்று பவுல் எழுதியதும் கொலோசெ பட்டணத்து விசுவாசிகளுக்குத்தான்.

இந்தக் காரியத்தில் என்னை அதிகமாய்ச் சிந்திக்க வைப்பது வெண்கலச் சர்ப்பத்தின் வரலாறு. அது புறஜாதியாரிடமிருந்து வந்த பொருளல்ல. கர்த்தர் கட்டளையிட்டார், மோசே செய்தார், பாம்புக்கடிபட்டு அதை நோக்கிப் பார்த்தவர்கள் பிழைத்தார்கள். பல தலைமுறைகளுக்குப் பின் அதே சர்ப்பத்துக்கு இஸ்ரவேலர் தூபங்காட்டி வந்ததால், எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டான். நன்மைக்கென்று வந்த ஒன்று சபைக்குள்ளேயே விக்கிரகமாகிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

நம் அறுப்பின் பண்டிகையும் நன்மைக்கென்று வந்ததுதான். கேத்திப் பள்ளத்தாக்கின் கேரட்டும், உருளைக்கிழங்கும், பூண்டும், தேயிலைத்தூளும் பீடத்தின் முன் வந்து குவிகிற அந்தக் காலை ஆராதனையை நான் மிகவும் நேசிக்கிறேன். என் மனம் வருந்துவது அதற்குப் பின் ஆலய வளாகத்தில் நடக்கும் ஏலத்தைப் பார்த்துத்தான். மண் போகக் கழுவிக் கட்டிய ஒரு கேரட் கட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டு குடும்பங்கள் விலையை ஏற்றிக்கொண்டே போகின்றன. கேட்டவரின் பெயர், தகப்பனார் பெயர், வகிக்கும் பதவி எல்லாம் ஒலிபெருக்கியில் முழங்குகின்றன. விட்டுக்கொடுத்தவர் முகம் சுண்டி அமர்கிறார். தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு மூதாட்டி சிறு கூடையில் கொண்டுவந்த அவரைக்காயோ, வேறு நாலைந்து பேருடைய பொருளோடு ஒன்றாய்க் கொட்டப்பட்டு, பெயரில்லாமல் கடைசியில் விலைபோகிறது. ஏலப் பணம் ஏழைப் பிள்ளைகளின் கல்விக்குப் போவதை நான் அறிவேன். அதற்காக நன்றியும் சொல்கிறேன். ஆனாலும், காணிக்கைப்பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து ஏழை விதவையின் இரண்டு காசைக் கவனித்த ஆண்டவர் நம் வளாகத்தில் உட்கார்ந்திருந்தால் எந்தப் பெயரை அறிவித்திருப்பார்?

எண்ணெய்ப் பாட்டில்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வியாதியஸ்தனுக்காக மூப்பர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்கும்படி யாக்கோபு எழுதினார். இன்று அந்த எண்ணெய் ஊழியக்காரரின் புகைப்படம் ஒட்டிய சிறு பாட்டிலாகி, கன்வென்ஷன் கூட்டப் பந்தலின் வாசலில் விலைக்கு விற்கப்பட்டு, மலைப்பாதையில் வண்டி கவிழாமலிருக்க காருக்குள் வைக்கப்படுகிறது. அதே பந்தலின் ஃபிளெக்ஸில் சிலுவையைவிடப் பிரசங்கியாரின் முகமே பெரிதாக இருக்கிறது. லீஸ்திரா பட்டணத்தில் ஜனங்கள் தங்களைத் தேவர்களென்று எண்ணிப் பூமாலைகளோடு பலியிட வந்தபோது, பர்னபாவும் பவுலும் தங்கள் வஸ்திரங்களைக் கிழித்துக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடினார்கள்.

ஆலயக் கட்டடங்களைப் பற்றிய நம் பெருமையையும் சோதித்துப் பார்க்க வேண்டும். ஊட்டியின் ஸ்தேவான் ஆலயம் 1830-இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது என்பதும், திப்பு சுல்தானின் அரண்மனை மரங்கள் அதில் இருப்பதும் பேணத்தக்க வரலாறுதான். ஆயினும் "கர்த்தரின் ஆலயம், கர்த்தரின் ஆலயம்" என்று சொல்லிச்சொல்லி நம்பியிருந்தவர்களை எரேமியா ஆலய வாசலில் நின்றே கண்டித்தார். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்பின் இலங்கையிலிருந்து திரும்பி இம்மலையின் தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய நம் பெரியவர்கள், தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லைன் வீட்டு வாசலில் பாய் விரித்து ஜெபித்தவர்கள். அவர்கள் பேரப்பிள்ளைகளின் காலத்தில், ஒரு மின்விசிறிக்கும் அதைக் கொடுத்தவர் பெயர் எழுதப்படுகிறது.

ஆகவே உங்களிடம் தாழ்மையாய்க் கேட்கிறேன். இவ்வாண்டு படைக்கப்படும் விளைபொருள்களுக்கு முன்னதாகவே ஒரு விலை குறித்து விற்றுவிடுங்கள். கூடுதலாய்க் கொடுக்க விரும்புகிறவர்கள் பெயரெழுதாத உறையில் இடட்டும். மொத்தத் தொகை மட்டும் அறிவிக்கப்படட்டும். கன்வென்ஷன் விளம்பரங்களில் படங்களைத் தவிர்த்து, வளாகத்துக்குள் எண்ணெய் விற்பனைக்கு அனுமதி மறுக்க வேண்டும். புதிய பெயர்ப்பலகைகளுக்கான விண்ணப்பங்களையும் நிறுத்தி வையுங்கள். வருமானம் குறையலாம், அந்தக் குறைவை நிரப்ப மாதந்தோறும் என்னால் இயன்றதைத் தர ஆயத்தமாயிருக்கிறேன், இன்னும் சிலரும் வருவார்கள் என்று நம்புகிறேன். அடுத்த குழுக் கூட்டத்தில் இதை விவாதித்து, ஏற்றாலும் மறுத்தாலும் உங்கள் தீர்மானத்தைக் காரணத்தோடு ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டும்படி வேண்டுகிறேன்.

கர்த்தருடைய பணியில்,
கோத்தகிரிப் பகுதிச் சபையார் ஒருவர்