உதவித்தொகை நின்ற மாதத்தில் எங்களைத் தாங்கியவர்களுக்கு

அன்புடையீர்,

அரசு உதவித்தொகையில் குடும்பம் நடத்திக்கொண்டே நோயாளி பராமரிப்புப் பயிற்சியை முடித்து வேலைக்குப் போகிறோம். சான்றிதழில் கையெழுத்திட்டவர்களோடு, கையெழுத்திடாத பலருக்கும் சேர்த்தே இந்த மடல்.

முதல் நன்றி, உதவித்தொகைப் பிரிவில் எங்கள் கோப்புகளைப் பார்த்த அம்மாவுக்கு. வேலை கிடைத்த மாதம்தான் கடினமான மாதம் என்று முன்கூட்டியே சொன்னவர் நீங்கள் ஒருவரே. சம்பளக் கணக்கு முடிந்த பிறகு சேர்ந்தால், அந்த நாட்களுக்கான பணம் அடுத்த மாதத்தோடுதான் வரும். பணி உத்தரவைக் காட்டியதும் உதவித்தொகை நின்றுவிட்டால், இடையில் 5, 6 வாரம் கையில் ஒன்றும் இருக்காது. நன்றாகத் தேறியவர்கள்கூட வேலையை விட்டுவிடுவது இந்த இடைவெளியில்தான். அதைச் சோம்பல் என்று சொல்வது அநியாயம். சேரும் தேதி, முதல் சம்பளத் தேதி, உதவித்தொகை நிற்கும் தேதி மூன்றையும் ஒரே தாளில் எழுத வைத்தீர்கள். வேலை கிடைத்ததை மறைத்தால், கூடுதலாக வாங்கிய தொகையைப் பின்னால் பிடித்துவிடுவார்கள் என்று எச்சரித்தீர்கள். பிடித்தம் போகக் கைக்கு வருவதை விட்டுவிட்டு, மொத்தச் சம்பளத்தையே வருமானமாகக் கணக்கில் எடுக்கும் உதவித் திட்டங்கள் உண்டு என்பதும் உங்களால்தான் தெரிந்தது. கொடுக்கும் ஒவ்வொரு தாளின் நகலிலும் தேதி முத்திரை வாங்கச் சொன்னீர்களே, வருகைத் தாள் தொலைந்தபோது அந்த நகல்தான் காப்பாற்றியது.

பயிற்றுநர் ஐயா, நாடியை 30 விநாடி எண்ணி இரட்டிப்பாக்கலாம், துடிப்பு சீராக இல்லையென்றால் முழு நிமிடமும் எண்ண வேண்டும் என்றீர்கள். மூச்சை எண்ணுவதாக நோயாளியிடம் சொன்னால் மூச்சின் வேகமே மாறிவிடும் என்பதால், நாடி பார்த்த கையை எடுக்காமல் மார்பைக் கவனிக்கப் பழக்கினீர்கள். படுத்தே இருப்பவரை ஏறத்தாழ 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும் என்பது பாடத்திலேயே இருந்தது. இழுத்துத் திருப்பினால் தோல் உராய்ந்து புண்ணாகும், விரிப்போடு சேர்த்து இருவர் தூக்க வேண்டும் என்பதை உங்கள் கைகளைப் பார்த்துக் கற்றோம். சரியாக வரும்வரை எத்தனை தடவை கேட்டாலும் முகம் சுளித்ததில்லை. உதவித்தொகை வாங்குபவர்களுக்கென்று தனிப் பதிவேடு வைக்காமல் எல்லோருக்கும் ஒரே பதிவேடு வைத்தீர்கள். அது எங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

குழந்தைகள் காப்பகத்து அக்காக்களே, வகுப்பு 9 மணிக்கு என்றால் 8.30-க்கே கதவைத் திறந்தீர்கள். காப்பகமும் 9 மணிக்கே திறந்திருந்தால் தாய்மார் எல்லோரும் தினமும் தாமதம்தான். 3 தாமதம் ஒரு விடுப்பு, விடுப்பு கூடினால் உதவித்தொகை குறையும். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் யார் வந்து அழைத்துப் போவார்கள் என்று இன்னொருவர் பெயரையும் முதல் நாளே எழுதி வாங்கியதால், தேர்வு நாளில்கூட யாரும் பாதியில் எழுந்து போகவில்லை.

காத்திருந்து ஏற்றிச் சென்ற வேன் ஓட்டுநருக்கும் நன்றி.

வேலை கொடுத்த இல்லத்தின் பொறுப்பாளரே, முதல் 2 வாரம் இரவுப் பணி போடாமல், கேட்காமலே பாதிச் சம்பளத்தை முன்பணமாகத் தந்தீர்கள். அந்த இடைவெளியைக் கடந்தது அதனால்தான்.

அந்த மூன்று தேதிகளையும் எழுதும் தாளின் வெற்றுப் படிவத்தை 40 நகல் எடுத்து வைத்திருக்கிறோம். அடுத்த அணி சேரும் நாளில் கொண்டுவந்து தருகிறோம்.

நன்றியுடன்,
பயிற்சி முடித்தவர்கள்